பாலத்துக்கு மேலே தோண்டிய ஊற்று

கள்ளக்குறிச்சியில் கோமுகி ஆற்றங்கரையில் எங்கள் தெரு. தெருவுக்கே ஒரு அடிபம்பு. பாலத்துக்குக் கீழே அரிசி ஆலைக் கழிவு ஒரு வாய்க்கால் வழியாக ஆற்றில் இறங்கும். நெல் ஊறவைத்த தண்ணீர். கோடையில் ஆறு வறண்டால் அது மட்டும்தான் ஓடும். அந்த நாற்றம் அடிபம்பிலும் வந்தது. என் மனைவிக்கு இரண்டு கையிலும் புண். ஆறவில்லை.

மனு கொடுத்தோம். ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். கெட்டது என்று தெரிந்தால் டவுன் டேங்கிலிருந்து தெருவுக்குக் குழாய் போடுவார்கள்.

என் மனைவியின் அண்ணன் அதே ஆலையில் மூட்டை தூக்கினார். மனுவில் முதல் கைநாட்டு அவருடையது. வருகிறவர்களை நானே அழைத்து வருகிறேன் என்றார். அவர்கள் வருகிற அன்று காலையில் வந்து, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி மொள்ளுகிற கொட்டாங்குச்சியைக் கேட்டார். அதன் காம்பு நான் செதுக்கியது.

“எதுக்கு மச்சான்?”

“பாட்டில்ல மொண்டு ஊத்தத்தான். நீ போயி வாய்க்கா வாயாண்ட நில்லு மாப்ள. நான் ஜீப்ப இட்டாந்துடறேன்.”

“அவங்களுக்கு வழி தெரியுமா?”

“மூக்கு இருக்குதில்ல? அதுவே இட்டாரும்.”

சிரித்தேன். அவர்கள் இறங்கி வர வேண்டுமே என்று வாய்க்கால் ஓரத்து முள்ளை வெட்டி ஒதுக்கினேன். நின்றேன். வெயில் உச்சிக்கு வந்தது. பாலத்தின் மேல் ஜீப் திரும்பிப் போனது.

மேலே ஏறிப் போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், கழிவு எட்டாத மணலில், புதிதாக ஒரு ஊற்று. குடிக்கத் தோண்டுவது போலவே தோண்டி, கலங்கலை இறைத்துக் கொட்டி, தெளிந்த பிறகு மொண்டிருக்கிறார். சுற்றிலும் மணல் ஈரம். ஓரத்தில் என் கொட்டாங்குச்சி.

தண்ணீர் நல்லது என்று பதில் வந்தது. குழாய் வரவில்லை. அவர் மூட்டை தூக்குவதும் நின்றது. ஆலை வாசலில் வாட்ச்மேன் ஆனார்.

பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டு வந்தார். என் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“குடிங்க மச்சான். நல்ல தண்ணின்னு கவர்மெண்டே சொல்லிடுச்சி.”

“ஆலைய மூடிட்டா எனக்கு சோறு யாரு போடுவா மாப்ள?”

“தங்கச்சி கையப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தண்ணீரை என் மனைவி குடத்திலேயே ஊற்றினாள். இரவு அதைத்தான் குடித்தோம்.