அண்ணனின் பத்தொன்பது பெட்டிக் காகிதங்கள்

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்காக அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க எழுதிக் குவித்தவர் அவர். பனியன் கம்பெனி நடத்தும் எனக்கு எழுத்து வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

சேவூரில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பள்ளிக்கூட வயதிலேயே கிணற்று மோட்டாரைப் பிரித்துப்போட்டார். அடிக்க வந்த அப்பாவிடம், எந்தத் திருகாணியை எந்த வரிசையில் கழற்றினார் என்று எழுதிய தாளை நீட்டினார். அதைப் பார்த்துத்தான் மோட்டாரைத் திரும்பப் பூட்டினார்கள். அடி மட்டும் குறையவில்லை.

படித்து முடித்து விமான எஞ்சின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பொறியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். என்ன வேலை என்பது சொந்தபந்தம் யாருக்கும் விளங்கவில்லை. பாதிப்பேர் அவரிடம் விமான டிக்கெட் எடுத்துத் தரச் சொன்னார்கள். ஒரு கல்யாணத்தில் மாமா ஒருவர் நேராகவே கேட்டபோது, "எஞ்சின் எப்ப ஒடையும்னு ஒடச்சுப் பாக்கறதுதானுங்க மாமா நம்ம வேலை" என்றார். தம் மகனுக்குத் தகுந்த வேலைதான் என்று மாமா அவனையும் சேர்த்துவிடச் சொன்னார்.

ஓய்வு பெற்றதும் எங்கள் ஊர் ராயபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு ஒரு லாரி வந்தது. பத்தொன்பது பெட்டி, எல்லாம் காகிதம். "ஊட்டுல ஒண்ணு இந்தப் பொட்டிக இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்கோணும்" என்றார் அண்ணி. அண்ணன் யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டார். அந்த ஒரு நாளை அண்ணி இன்றுவரை மன்னிக்கவில்லை. பெட்டிகள் வீரபாண்டியில் என் கம்பெனி மாடிக்கு வந்தன. பின்னாலேயே அண்ணனும் தினமும் வந்தார்.

எங்கள் தையல் பிரிவில் தென்காசிப் பக்கத்து முத்துலட்சுமி ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டினார். பஞ்சுத் தூசியால் இருமல் முற்றி, மருத்துவர் வேலையை விடச் சொல்லிவிட்டார். ஊருக்கே போகிறேன் என்று என்னிடம் சொல்ல வந்தவரை, அண்ணன் பத்து நாள் பொறுக்கச் சொன்னார். விமான எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாயின் வடிவத்தில் தகரக் குழாய் செய்து, தூசியை இழுக்கும் விசிறியோடு ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் பொருத்தினார்.

சோதித்த அன்று, ஆர்டர் கொடுத்தவர்களின் ஆய்வாளர் வந்திருந்தார். அண்ணன் சுவிட்சைப் போட்டார். தூசி போனது. வெட்டி அடுக்கியிருந்த ஸ்லீவுகளும் போயின. ஆய்வாளர் கையிலிருந்த தாள்களும் போயின. குழாயின் மறுமுனை கூரைக்கு மேல் இருந்ததால், தெரு முழுக்கக் குழந்தைகள் சைஸ் ஸ்லீவ் மழை.

எல்லார் முன்னாலும் அண்ணனிடம் கத்தினேன். "நாள் கேட்டுச் செய்யக் கூடாதுங்களாண்ணா? ஆர்டரே போச்சுங்க."

மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தில் ஓர் அறிக்கை இருந்தது: 'இழுவை மிகை. ஆய்வு நாளைக் கேட்டறியாதது என் பிழை. உரிமையாளருக்கு இதில் பொறுப்பில்லை.' தம் தாள்களைத் தேடி வந்த ஆய்வாளர் அதை இரண்டு முறை படித்தார். பிழையைத் தானாக எழுதி ஒட்டும் கம்பெனியை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லி, மறு ஆய்வுக்கு ஒரு வாரம் கொடுத்தார். ஆர்டர் தங்கியது. இழுவையைக் குறைத்த பிறகு முத்துலட்சுமியும் தங்கினார். "இப்பம் மூச்சு முட்டல அண்ணாச்சி" என்று அவர் சொன்னதை அண்ணன் தேதியிட்டுக் குறித்துக்கொண்டார். காப்புரிமை வாங்கச் சொன்னேன். விண்ணப்பத்தில் கருவியின் குறைகளை மட்டும் பதினோரு பக்கம் எழுதினார். அது தபாலுக்கே போகவில்லை.

கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது, தம் இதயத் துடிப்பின் வரைபடத்தை வாங்கிப் பார்த்து, "எஞ்சின் இத்தன நாள் ஓடியிருக்குதுங்க, கொற சொல்லக் கூடாது" என்றார் டாக்டரிடம். மூன்றாம் நாள் அமைதியாகப் போய்விட்டார்.

பொறியியல் கல்லூரி நூலகம் ஒன்று அவருடைய காகிதங்களைக் கேட்டது. கொடுக்குமுன் பெட்டிகளைப் பிரித்தோம். பெண் பார்த்துவிட்டுப் போய் அண்ணிக்கு எழுதிய முதல் கடிதம், ஆறு முறை திருத்தப்பட்டு, ஆறும் எண்ணிடப்பட்டுக் கிடைத்தது. அதைத் தர அண்ணி மறுத்துவிட்டார். எனக்குக் கிடைத்தது, பலகையில் ஒட்டிய அந்த அறிக்கையின் முதல் வரைவு. 'எந்த நாள் சோதிக்கலாம் என்று தம்பியிடம் கேட்டேன். எந்த நாளும் சரி என்றான்' என்று எழுதி, இரண்டு வரிகளையும் அடித்திருந்தார்.

அவர் கேட்டது உண்மை. போனில் பேசிக்கொண்டே அப்படிச் சொன்னது நான்தான். கத்தியபோதே அது எனக்கு நினைவிருந்தது.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர், காரியங்களில் உடன் நின்ற பங்காளிகள், நண்பர்கள், கம்பெனித் தொழிலாளர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனிடம் நான் கேட்க வேண்டியிருந்த மன்னிப்பை அவருக்குப் பிடித்தபடி எழுத்திலேயே கேட்டிருக்கிறேன். அந்த முதல் வரைவின் கீழே, 'அடிக்கப்பட்ட இரண்டு வரிகளும் சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.