இடம் வலம் மாறிய முடிச்சு

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் சொல்கிறேன். சிக்கலெண்களில் எழுதிய ஒரு சமன்பாடு ஒரு பரப்பைத் தரும். அதில் கூராகிக் கெட்டுப்போன புள்ளி ஒன்று இருந்தால், அதைச் சுற்றி ஒரு சின்னக் கோளத்தால் வெட்டலாம். வெட்டில் கிடைக்கும் முப்பரிமாண வெளிக்கு லிங்க் என்று பெயர். இத்தகைய வெளிகளை முடிச்சுகளிலிருந்தும் கட்டலாம். என் பேராசிரியை ஒரு முடிச்சைத் தந்து, இதிலிருந்து கட்டும் வெளி ஏதாவதொரு பரப்பின் லிங்க் ஆகுமா என்று கேட்டிருந்தார். ஆகும் என்று காட்டினால் கடைசி அத்தியாயம் முடியும், பட்டமும் வரும்.

எனக்குப் பட்டம் கிடைக்கும்வரை வீக்கெண்டும் வேலைக்குப் போவதென்று அம்மாவுக்குப் பிடிவாதம். வேலை முடிந்து மல்வேர்னில் உள்ள எங்கள் வீட்டுக்குள் வந்ததும், சப்பாத்தைக் கழற்றுமுன்பே "முடிஞ்சுதே?" என்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துவிட்டது.

பனி உருகத் தொடங்கியபோது அந்தப் பரப்பைக் கண்டுபிடித்தேன். ஓடிப்போய்க் காட்டினேன். பேராசிரியை என் முடிச்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, இதை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கான முதல் சந்திப்பு பனிப்புயலால் வீடியோவில் நடந்திருந்தது. அவர் சொன்ன முடிச்சைத் தாளில் வரைந்து கமராவுக்குக் காட்டினேன். சரி என்றார். என் திரையில் தெரிந்ததைப் படமாக எடுத்து வைத்துக்கொண்டு தாளை எறிந்துவிட்டேன். அந்தத் திரை நம்மை நமக்குக் கண்ணாடிபோல இடம் வலம் மாற்றித்தான் காட்டும். குளிர்காலம் முழுக்க நான் மாரடித்தது முடிச்சின் பிம்பத்தோடு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். நான் பிடித்தது பிள்ளையாரைத்தான், தும்பிக்கைதான் மறுபக்கம் திரும்பிவிட்டது. அதோடும் போகவில்லை. சில விதிவிலக்குகள் தவிர, ஒரு வெளியும் அதன் பிம்பமும் இரண்டுமே லிங்க் ஆக முடியாது என்பது பழைய தேற்றம். என்னுடையது விதிவிலக்கு அல்ல. பிம்பம் லிங்க் என்று நானே நிறுவிவிட்டேன். ஆகவே கேட்ட கேள்விக்கு விடை, ஆகாது. அத்தியாயம் ஒரு வரியாகிவிட்டது. வேறு கேள்வி தேடுவோம் என்றார் பேராசிரியை. அவர் அன்பாகச் சொன்னது இன்னும் ஆத்திரமூட்டியது.

அன்றும் அம்மா கேட்டார். கேள்வி முடிந்தது உண்மைதானே. "ஓம், முடிஞ்சுது" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அம்மா கதவடியில் ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றார்.

"அப்ப இந்தக் கிழமையோட நான் வீக்கெண்ட் வேலைய விடட்டே?"

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ, அம்மா" என்றேன்.

அம்மா குனிந்து மற்றச் சப்பாத்தையும் கழற்றி, அடுத்த நாள் வேலைக்கு எடுக்க வசதியாகக் கதவோரம் வைத்தார்.