பன்னின் மறுபாதி

விடுதியில் அவள் என் அறைக்கு வந்த முதல் வாரமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேன்டீனில் ஒரு பன் வாங்குவாள், பாதியைத் தின்பாள், மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைப்பாள். விடிந்தால் எறும்பு. எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். தட்டிலிருந்து கண்ணை எடுத்தால் தட்டுகூட மிஞ்சாது. எனக்கு இது கொழுப்பாகத்தான் தெரிந்தது.

பெயருக்குத்தான் பல்கலைக்கழகம். மொத்தமே இரண்டு கட்டடம், ஒரு விடுதி. முதல் பெஞ்சில் தும்மினால் கடைசி பெஞ்சு நலம் விசாரிக்கும். அந்த வகுப்பிலும் அவள் ஓரமாக ஒண்டிக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டே உட்காருவாள். யாராவது உட்காரப் போனால், ஆள் வருது என்பாள். எந்த ஆளும் வந்ததில்லை. பேச்சும் அப்படித்தான். பாதியில் நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பாள். எனக்கா வாய் சும்மா இருக்கும்? தோன்றியதைச் சொல்லித் தப்பும் தவறுமாக முடித்து வைப்பேன். அது இல்ல என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே பிறகு வேண்டுமென்றே தப்பாக முடித்தேன்.

ஒருநாள் எறும்பு என் போர்வைக்கே வந்துவிட, யாருக்குடி இந்தப் பாதி என்று கத்திவிட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவளும் அவள் அக்காவும் இரட்டைப் பிள்ளைகளாம். பிறந்ததிலிருந்து ஒரே பாய், ஒரே பெஞ்சு, ஒரு பன்னில் ஆளுக்குப் பாதி. அக்காக்காரி படிப்பு போதுமென்று அப்பாவின் போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்துவிட்டாள்.

"முழுசாத் தின்னா அவ பங்கைத் திருடின மாதிரி இருக்கு," என்றாள்.

சனிக்கிழமை அக்கா வந்து கூட்டிப்போகிறாளாம். படிப்பை விட்டுவிட்டு இவளும் போவதாகத்தான் இருந்தாள்.

எறும்போடு ஒழியட்டும் என்று நினைக்க வேண்டியவள்தானே நான்? முடியவில்லை. இவள் இல்லாத அறையை நினைத்தாலே அழுகை வந்தது. மறுநாள் கேன்டீனில் அவள் காகிதத்தை எடுக்குமுன் அந்தப் பாதியைப் பிடுங்கித் தின்றேன். முறைத்தாள். அடுத்த நாளும் தின்றேன். பெஞ்சில் அந்தக் காலி இடத்திலும் போய்ச் சட்டமாக உட்கார்ந்தேன். ஆள் வருது என்றாள், வந்தாச்சு என்றேன். வெள்ளிக்கிழமை, என் முகத்தைப் பார்க்காமல், பாதி பன்னை அவளே நீட்டினாள்.

சனிக்கிழமை அக்கா வந்தாள். அச்சு அசலாக அதே முகம். சில நிமிடம்தான் மூத்தவள், அதிகாரம் பத்து வயதுக்கு. தங்கையின் துணிமணியை அடுக்க ஒரு காலிப் பெட்டியும் கையுமாக நின்றாள். மூவரும் கேன்டீனுக்குப் போனோம். அக்கா பஸ் நேரத்தைச் சொல்லிக்கொண்டே ஒரு பன் வாங்கி, வழக்கம்போல இரண்டாகப் பிய்க்கப் போனாள். இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாப் பிய்யி."

அக்கா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பன்னையே பார்த்தாள். பிறகு பிய்த்தாள். துண்டுகள் ஒரே அளவில் வரவில்லை. பெரியதை என்னிடம் நீட்டினாள்.

"இவளுக்குத் தனியாச் சாப்பிட வராது. கூடவே இரு," என்றாள்.

காலிப் பெட்டியோடுதான் அக்கா பஸ் ஏறினாள்.