அழவிடாத வீடு

ஒன்றரை வயது வரைக்கும் என் மகளிடம் எங்கள் வீட்டில் யாரும் "இல்லை" என்று சொன்னதில்லை. ரிமோட் கேட்டால் ரிமோட், சாவிக்கொத்துக் கேட்டால் சாவிக்கொத்து, சோற்றுக்கு முதல் பிஸ்கட் கேட்டால் பிஸ்கட். கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லாம், இப்படிச் செல்லம் கொடுத்தால் பிறகு தலையில் ஏறி இருப்பாள் என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள். செல்லமும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம்.

அவள் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை இருந்தது. இரத்தம் நுரையீரலுக்குப் போகும் வழியும் ஒடுங்கியிருந்தது. சிரித்துக்கொண்டு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அழத் தொடங்கினால் அந்த ஒடுங்கிய வழி இன்னும் இறுகிவிடும். உதடு நாவற்பழம் தின்ற வாய் மாதிரி நீலமாகும், பிறகு பிள்ளை துவண்டுபோகும். உடம்பு நிறை கொஞ்சம் ஏறட்டும், ஒப்பரேஷன் செய்வோம், அதுவரை அதிகம் அழவிடாமல் பாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். அதைச் சொன்னவருக்கு வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்காது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனாலும் பழகிக்கொண்டோம். பசி எடுக்க முதலே பால் தயாராக இருக்கும். அழைப்பு மணியின் வயரை என் கணவர் கழற்றிவிட்டார். அவளுடைய முகம் சுருங்கத் தொடங்கி, கீழுதடு வெளியே வந்து, மூச்சு உள்ளே போய், அது சத்தமாக வெளியே வருவதற்குள் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குள் நாங்கள் எதையாவது செய்துவிடுவோம். கரண்டியால் சட்டியைத் தட்டுவோம், பல்கனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக் கடலோரம் போகும் ரயிலைக் காட்டுவோம். புதுக்கடை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு வாதாடிப் பிழைக்கும் என் கணவர், ஒருநாள் தலையில் இட்லிச் சட்டி மூடியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய கட்சிக்காரர்கள் பார்த்திருந்தால் வழக்கை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள்.

ஒரே ஒரு முறை தவறியது. கொட்டாஞ்சேனையில் மச்சாள் வீட்டுப் பிறந்தநாள். என் கணவரின் அக்கா அவர். பிள்ளை வளர்ப்பில் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைக்கிறவர். மகள் வாயில் வைத்த டொஃபியை, தொண்டையில் சிக்கிவிடும் என்று பிடுங்கிவிட்டார். அழுதாள். நான் கூட்டத்தை விலக்கி வருவதற்குள் உதடு நீலம், நகம் நீலம். கிளினிக்கில் காட்டித் தந்தபடி நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி, இரண்டு முழங்காலையும் மடக்கி அவளுடைய நெஞ்சில் அழுத்திக்கொண்டு நின்றேன். அப்படி மடக்கினால் இரத்தம் திரும்ப நுரையீரல் பக்கம் போகும். கடைசியில் நிறம் திரும்பி வந்தது. மச்சாள் அடுப்படிக்குள் போய் அழுதார். அதன்பிறகு அவரும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்.

இப்படி வளர்த்த பிள்ளையைத்தான் ஒப்பரேஷனுக்குக் கொடுத்தோம். ஓட்டையை அடைத்தாயிற்று, ஒடுங்கிய வழியை விரித்தாயிற்று, எல்லாம் நன்றாக முடிந்தது என்று சத்திரசிகிச்சை செய்தவர் வந்து சொன்னார். நான் உடனே வீட்டுக்குப் போகிற கணக்குப் போட ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு வென்டிலேட்டர் என்று ஒன்று இருக்கிறது என்பதை யாரோ முன்பே சொல்லியிருப்பார்கள். என் காதில் ஏறவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில், மேலங்கி போட்டுக் கை கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே போக விட்டார்கள். வாய்க்குள் ஒரு குழாய். அது தொண்டையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. மறுமுனை மிஷினில். மிஷின் காற்றைத் தள்ள, அவளுடைய நெஞ்சு ஏறியது, விட, இறங்கியது. குழாய் அசையாமல் இருக்கக் கன்னத்திலிருந்து கன்னம்வரை பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதற்குள் உதடுகள் மறைந்துபோயிருந்தன. ஒன்றரை வருடமாக நான் பார்த்துப் பார்த்து வாழ்ந்தது அந்த உதடுகளைத்தான். அவை இல்லாத முகத்தை எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மயக்கத்தில் இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலை, மயக்க மருந்தைக் குறைக்கிறோம் என்றார் டொக்டர். மெலிந்த, இளம் பெண். பருத்தித்துறைப் பக்கத்துப் பேச்சு.

"மிஷின்தான் இப்ப மூச்சு விடுது, அம்மா. பிள்ளை முழிச்சு, தானா இழுக்கத் தொடங்கினால்தான் குழாயை எடுக்கலாம். கனநாள் வைச்சிருந்தா நெஞ்சில கிருமி பிடிக்கும், மூச்சுத் தசையும் சோந்துபோகும்."

எனக்கு விளங்கியது. விளங்கியபடிதான் கட்டிலருகே நின்றேன். மகள் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. புருவம் சிவந்தது, கண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிக் காதுக்குள் போனது. சத்தம் மட்டும் வரவில்லை. குரல் வருகிற இடத்துக்கு நடுவேதான் அந்தக் குழாய் போகிறதாம். அழுகிற பிள்ளையின் சத்தத்தை நிறுத்த எத்தனை வித்தை காட்டியிருக்கிறேன். இப்போது சத்தமே இல்லாமல் அழுகிறாள்.

மிஷின் மணி அடித்தது. நான் கத்தவில்லை என்று பிறகு வீட்டில் சொன்னேன். கத்தினேன்.

"அவளைத் திருப்பி நித்திரையாக்குங்கோ. அழவிட்டா நீலமாவாள். நீங்கள் படிச்சிருப்பியள், நான் கண்ணால கண்டனான்."

டொக்டருக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கு இன்னும் கோபமூட்டியது. "அது ஒப்பரேஷனுக்கு முந்தின கதை, அம்மா. ஒக்சிஜன் நம்பரைப் பாருங்கோ. இறங்கயில்லை" என்றார். நான் நம்பரைப் பார்க்கவில்லை. நகத்தைப் பார்த்தேன். விரலில் மாட்டியிருந்த கருவியின் சிவப்பு வெளிச்சத்தில் நகம் என்ன நிறம் என்று யாரால் சொல்ல முடியும்? என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று குழாயை எடுக்கவில்லை. நான் கத்தியதற்காக இல்லை. அவள் இழுத்த மூச்சு போதவில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். வராந்தாவில் என் கணவரிடம் கேட்டேன்: "நாளைக்கும் போதாட்டி?" நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பை மூச்சுவிட விடாத மனிதர். என் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தார். மிஷினிலிருந்து இறங்கவே முடியாமல் போகிற பிள்ளைகளும் உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். "இண்டைக்கு எடுப்பம். நீங்கள் பக்கத்தில நிக்கலாம். ஆனா ஒண்டு. அழுதா தூக்கி ஆத்தக் கூடாது. அழுது இருமினால்தான் சளி வெளியில வரும், நுரையீரல் விரியும். கையை வைச்சுக்கொண்டு சும்மா நிக்க ஏலுமே?"

"ஏலும்" என்றேன். பொய்தான்.

பிளாஸ்டரை எண்ணெய் தடவி மெல்ல உரித்தார்கள். கன்னத்தில் செவ்வரிகள். குழாயை இழுத்தார்கள். அவள் இருமினாள், ஓங்கரித்தாள், பிறகு ஒன்றும் இல்லை. நெஞ்சு அசைகிறதா என்று பார்த்தேன். மூக்கில் ஒக்சிஜனை மாட்டிய சிங்கள நேர்ஸ், அவளுடைய முதுகில் குழித்த கையால் தட்டத் தொடங்கினார். "அண்டன்ன துவே, அண்டன்ன" என்றார். அழு மகளே, அழு என்கிறார். என் பிள்ளையிடம் இதுவரை ஒருவரும் கேட்காததை அந்தப் பெண் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முகம் சுருங்கியது. கீழுதடு வெளியே வந்தது. எனக்குப் பழக்கமான அந்த இடைவெளியும் வந்தது. என் கை தானாக எழுந்து அவளுடைய முழங்காலைத் தேடிப் போனது. நேர்ஸ் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அழுதாள். கரகரத்த, பாதி காற்றான ஒரு குரல். இருமி, சளி வந்து, திரும்ப அழுதாள். நான் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலமாகப் போகிறது, இப்போது, இதோ இப்போது. அழ அழ அது சிவந்துகொண்டே போனது. அப்படி ஒரு நிறம் என் மகளுடைய உதட்டுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. டொக்டர் என் தோளில் கை வைத்து, "இப்ப நம்புறியளே?" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். முதல்நாள் அவரை ஏசியதை அவரும் நினைவுபடுத்தவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து நெஞ்சுக் காயமும் ஆறிய பிறகு, ஒருநாள் மதியம் அவள் என் போனைப் பிடுங்கினாள். நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். முதல் தடவையாக "இல்லை" என்றேன். நிலத்தில் விழுந்து காலை உதைத்து அழுதாள். குரல் முழுதாகத் திரும்பியிருந்தது. கட்டிடமே அதிர்ந்தது. அவளைத் தூக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து, நீதிமன்ற இடைவேளையில் என் கணவர் எனக்குப் போன் எடுத்தார். சத்தம் கேட்டதும் பதறிக் கேட்டார்.

"என்ன நடந்தது? நிறம் எப்பிடி?"

"ஒண்டுமில்லை. சும்மா அழுறாள்."

அவள் இன்னும் ஓங்கி அழுதாள்.

"போனை அவளுக்குக் கிட்டப் பிடியும்" என்றார். "நான் ஒருநாளும் முழுசாக் கேக்கயில்லை."

நான் நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, போனை நீட்டிப் பிடித்தேன்.