வாசலைப் பார்த்த பிடிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காத்து கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. நம்பினால் என் தொழில் நடக்காது. பழைய கைக்கருவிகளை வாங்கி விற்கிறவன் நான். உளி, மரம் செதுக்குகிற வாச்சி, இழைப்புளி, ரம்பம் என்று தச்சர்கள் விட்டுப்போன சாமான்களைத் தேடிப் போய் மதிப்புப் போட்டு வாங்குவேன். பட்டணத்தில் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்கள் இப்போது நிறைய வந்துவிட்டார்கள், அவர்களுக்குப் பழைய இரும்பென்றால் உயிர். நான் போகிற வீடுகளில் பாதிப் பேர், "இது எங்க கொள்ளுத்தாத்தா காலத்து உளி, அரண்மனைக்குக் கதவு செஞ்சது" என்பார்கள், திருப்பிப் பார்த்தால் கம்பெனி முத்திரை பல்லிளிக்கும். செத்துப்போனவர்கள் பிடித்த கருவிகள்தான் போளூரில் என் வீடு முழுக்க மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, ஒன்றாவது எழுந்து ஆடியதில்லை. ஆகவே நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

என் மனைவி பெயர் மல்லிகா. தொழிலில் எனக்குக் கண், அவளுக்குக் கை. ஒரு உளியைப் பார்த்ததும் எஃகு இன்னும் எவ்வளவு மிச்சம், சாணை பிடித்தே எவ்வளவு தேய்த்திருக்கிறார்கள், அடித்தது எந்த ஊர்ப் பட்டறை என்று நான் சொல்லிவிடுவேன். அவள் அதைக் கையில் வாங்கி உருட்டிவிட்டு, "உள்ள விரிசல் கீதுங்க" என்பாள். தட்டிப் பார்த்தால் நிஜமாகவே இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "கண்ண தொறந்து வெச்சினு இன்னா பிரயோஜனம்" என்று என்னைத்தான் கிண்டல் செய்வாள். வீட்டுக்காரர்கள் எதிரில் எது தேறும், எது தேறாது என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ள முடியாது அல்லவா, அதற்காக எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். அவள் முதலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துத் தரையில் வரிசையாக வைப்பாள். பிடி வாசலைப் பார்த்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம், சுவரைப் பார்த்திருந்தால் வேண்டாம். சின்னது இடது ஓரத்தில், அங்கிருந்து பெரிதாகிக்கொண்டே வலப்பக்கம் போகும். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

போன ஆடியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை கால் விழுந்து பேச்சும் போய்விட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நான் ஒருத்தன்தான். அவள் என்னிடம் எதையோ சொல்லப் பார்த்தாள். இடது கையால் தன் நெஞ்சைத் தொடுவாள், பிறகு என்னைக் காட்டுவாள், பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டுவாள். "இன்னா மல்லி, தண்ணி வேணுமா? ஃபேன நிறுத்தட்டுமா?" என்று தெரிந்ததையெல்லாம் கேட்பேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நெஞ்சு, நான், விரித்த கை. எழுதிக் காட்டச் சொல்லிப் பேனா கொடுத்தேன், கோடு கோடாகத்தான் வந்தது, பேனாவை வீசிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். கடைசிவரை எனக்குப் புரியவே இல்லை, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் போனது ஒரு துக்கம். என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமலே அவளை எரித்துவிட்டு வந்தேனே, அது வேறு துக்கம், அதற்கு ஆறுதல் சொல்லக்கூட யாருக்கும் தெரியவில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டு அந்தச் சைகையையே யோசித்துக்கொண்டிருப்பேன், சோறு காய்ந்துவிடும்.

ஐப்பசியில் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு போன் வந்தது. பொன்னி என்று ஒரு பெண், மாமனார் தச்சுவேலை செய்தவராம், அவர் சாமான்கள் சாக்கில் கிடக்கின்றன, கரையான் பிடிப்பதற்குள் வந்து பாருங்கள் என்றாள். மல்லிகா போன பிறகு நான் எங்கேயும் மதிப்புப் போடப் போனதில்லை. சரி, எத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று கிளம்பினேன். காலையில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது, நான் போய்ச் சேரும்போது உச்சி வெயில் அடித்தது. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுச் சாமைக் கொல்லை நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் வழி. எதிரில் ஒரு ஆள்கூட வரவில்லை, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னி முப்பது வயதுப் பெண், முறத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணா, அக்கா அப்பவே வந்து எல்லாத்தியும் பாத்துட்டுப் போய்ட்டாங்க, நீங்க இப்ப வர்றீங்க?" என்றாள்.

"எந்த அக்கா?"

"உங்க வூட்டுக்காரம்மாதாங்க. போளூர்ல இருந்து சாமான் பாக்கறவங்களான்னு கேட்டேன், தலைய ஆட்னாங்க. காலைல பஸ்ல வந்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வேறு ஏதோ வியாபாரி நான் வருகிற விஷயம் தெரிந்து பெண்டாட்டியை முன்னால் அனுப்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனேன். தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் உளிகள், ஒரு வாச்சி, இரண்டு இழைப்புளி எல்லாம் துடைத்து வரிசையாக இருந்தன. சிலவற்றின் பிடி வாசலைப் பார்த்திருந்தது. சிலவற்றின் பிடி சுவரைப் பார்த்திருந்தது.

நம்பினால் நம்புங்கள், எங்கள் ஏற்பாடு அப்படியே தரையில் கிடந்தது. ஆனாலும் தொழில்காரன் புத்தி உடனே ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டது. சின்ன உளி வலது ஓரத்தில் இருந்தது. பெரிது இடது ஓரத்தில். மல்லிகா ஒரு நாளும் அப்படி வைத்தவள் இல்லை. யாரோ எப்படியோ வைத்திருக்கிறார்கள், தற்செயலாக அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம்.

சோதித்துப் பார்ப்போம் என்று வாச்சியை எடுத்தேன். அந்தக் குவியலிலேயே முதல் தரமான சாமான் அதுதான். பழைய அடி, நல்ல எஃகு, காம்பு கைபட்டுப் பட்டு எண்ணெய் தடவினாற்போல் பளபளத்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். அதன் காம்பு சுவரைப் பார்த்திருந்தது. அங்கே கிடந்த ஒரு கயிற்றில் அதைத் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டினேன். நல்ல வாச்சி மணி மாதிரி சத்தம் கொடுக்க வேண்டும், இது ஓட்டைச் சட்டி போல் சத்தம் போட்டது. காம்பு நுழைகிற துளைக்குப் பக்கத்தில் துருவுக்கு அடியில் மயிரிழை விரிசல். என் கண்ணுக்குத் தப்பியது, கைக்குத்தான் தெரிந்திருக்கும்.

"பொன்னி, அந்தம்மா இதெல்லாம் எப்படிம்மா எடுத்து வெச்சாங்க?"

"பாவம், வலது கை வராது போலக்குது, மடியிலயே கெடந்துச்சு. நான் எடுத்துத் தர்றேன்க்கான்னேன், வாணாம்னுட்டாங்க. எடது கையாலயே ஒண்ணொண்ணா தொடச்சி, இந்தப் பக்கத்துல இருந்து வெச்சினே போனாங்க" என்று வலது ஓரத்தைக் காட்டினாள்.

வலது கை விழுந்தவள் இடது கையால் வைத்தால் வரிசை அப்படித்தான் திரும்பும். செல்போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினேன். "இவங்கதாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். பிறகு போட்டோவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "இதுல நல்லா இருக்காங்க. இப்ப ரொம்ப எளச்சிட்டாங்கல்ல?" என்றாள்.

எனக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஒன்றே ஒன்றுதான். "இன்னாம்மா பேசினா? ஏதாவது சொன்னாளா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"பேசத்தான் வர்லியேண்ணா அவங்களுக்கு" என்றாள் பொன்னி.

செத்த பிறகாவது பேச்சு வந்திருக்கக் கூடாதா? நான் குழந்தை மாதிரி அழுதேன். நோயோடு போனவள் அதே நோயோடு, விளங்காத கையை மடியில் போட்டுக்கொண்டு, இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறாள். என்னென்னவோ கோயிலில் என்னென்னவோ வேண்டிக்கொண்டோமே, இதைக்கூட ஒரு சாமி சரிசெய்து அனுப்பவில்லையே என்று மனசு கொதித்தது.

பொன்னிக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்தியச் செலவு ஏதோ கஷ்டம் என்று நினைத்திருப்பாள் போல, என்னைத் தேற்றுவதற்காக அவளாகவே சொன்னாள். "அழாதீங்கண்ணா. நல்லாத்தான் இருந்தாங்க. போறதுக்கு மின்ன எங்கிட்ட ஏதோ கேட்டாங்க. இப்டி நெஞ்ச தொட்டாங்க, அப்புறம் நீங்க வர்ற வழிய காட்னாங்க, அப்புறம் இப்டி கைய விரிச்சாங்க." அவள் தன் இடது கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"நீ இன்னா சொன்ன?"

"சரிக்கான்னேன்."

"எதுக்கும்மா சரின்ன? உனக்குப் புரிஞ்சுதா?"

"எங்கண்ணா புரிஞ்சுது? ஒண்ணும் புரியல. ஆனா அந்த மூஞ்சப் பாத்தா இன்னான்னு திருப்பிக் கேக்க மனசு வர்ல. சரிக்கான்னு கைய புடிச்சேன். அப்டி ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. அப்புறம்தான் எழுந்து போனாங்க, நீங்க வந்த வழியிலதான் போனாங்க, பாக்கலியா?"

பார்க்கவில்லை என்றேன்.

வாசலைப் பார்த்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். பொன்னியிடம் உண்மையைச் சொல்லவில்லை. பயப்படுவாள் என்பதற்காக இல்லை. மல்லிகா உயிரோடு இருக்கிறாள் என்று நினைக்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான், அதையும் எப்படிக் கெடுப்பது? சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி அவ்வப்போது போன் செய்வாள். "அக்காவுக்குப் பேச்சு வந்துச்சாண்ணா?" என்பாள். இன்னும் இல்லம்மா என்பேன்.

ஆஸ்பத்திரியில் நான் என்ன, என்ன என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். புரியாமலே சரி என்று சொல்லலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மல்லிகா அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். தன்னோடு என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்றும் கேட்டிருக்கலாம், அந்தக் கைச் சைகை இரண்டுக்கும் பொருந்துகிறது. எதைக் கேட்டிருந்தாலும், என் சார்பில் சரி என்று பதில் போய்விட்டது.