திரைச்சீலைக்காரர் சொன்ன குறைகள்

என் வீட்டுக்காரருக்கு யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வராது. எவ்வளவு நல்ல குணம் என்று ஊரே மெச்சும். ஊருக்கென்ன, அதுவா அவரோடு கடை நடத்துகிறது? நான் நடத்துகிறேன்.

எங்களுடையது திரைச்சீலைக் கடை. முன்பக்கம் துணி உருளைகள், பின்பக்கம் தையல் இயந்திரங்கள், அவற்றுக்கு இரண்டு தையல்காரர்கள், நடுவே கல்லாவில் நான். நாள் முழுக்க வெயில் அடிக்கும் ஜன்னலுக்குக் கருநீலப் பட்டுதான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடிப்பார். ஒரே கோடையில் அது வெளுத்துச் சாம்பலாகிவிடும் என்பது இவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அமோகமாக இருக்கும் என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். இனி நீ பேசு என்று அர்த்தம். வேண்டாம் என்பது, முடியாது என்பது, அளவைத் தப்பாகக் கொண்டுவந்தவரிடம் தப்பு உங்களுடையது என்பது எல்லாம் என் இலாகா. கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தெருவில் அவர் தங்கமான மனிதர், நான் சிடுமூஞ்சி.

பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வந்து மாட்டிக்கொண்டது இவரிடம்தான். வணிகம் படிக்கும் கடைசி வருட மாணவர்களை உள்ளூர்க் கடைகளில் சில மாதம் வேலை பழக விடும் திட்டமாம். பல்கலைக்கழகத்துக்கும் கடைத்தெருவுக்கும் பாலம் போடுகிறோம் என்றார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவியிருந்தார். எதிர்த்த கடைக்காரர் இடமில்லை என்று கையை விரித்திருந்தார். எங்கள் தெருவில் இவர் மட்டும்தான் அனுப்புங்கள் என்றார். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருவராக அந்தப் பாலத்தில் நடந்து வந்தார்கள்.

முதலில் வந்த பையன் துணி உருளைகளை நிறவாரியாக அடுக்கினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று பிரித்தெடுப்பதற்குள் எங்களுக்குத் தாவு தீர்ந்தது. அடுத்தவன் கிடங்கில் லைனிங் துணிக் குவியல்மேல் படுத்துத் தூங்கினான், எழுப்ப இவருக்கு மனசு வரவில்லை. அதற்கடுத்த பெண் வாடிக்கையாளர் வீட்டு ஜன்னலைத் தெருவில் நின்றபடி வெளிப்பக்கமாக அளந்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு வருடமும் பயிற்சி முடியும்போது பேராசிரியர் வந்து, பிள்ளை எப்படி என்று கேட்பார். இவர் ஆகா ஓகோ என்று புகழ்வார். தூங்கியவனைப் பற்றி, ரொம்ப அமைதியான பையன் என்றார். பேராசிரியரும் லேசுப்பட்டவரில்லை. சீக்கிரமே ஆளைப் புரிந்துகொண்டு, அதன்பிறகு பேனாவைத் திறக்காமல் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த வருடம் வந்தவள் வேறு ரகம். கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பைக் கழற்றவே மாட்டாள் என்பதால் தையல்காரர்கள் அவளுக்கு டேப்பு என்று பெயர் வைத்தார்கள். எந்த ஜன்னலும் நேராக இருப்பதில்லை, மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டாள். வெயில் ஜன்னலுக்குப் பட்டு கேட்டு வந்த ஒருவரிடம், "இத வாங்கினா அடுத்த வருஷம் நீங்களே வந்து எங்ககிட்ட சண்ட போடுவீங்க சார்" என்று சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே வேறு துணி வாங்கிப் போனார். அதையே நான் சொல்லியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பார். எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர், உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று என்னை விசாரித்தார்.

அவளைக் கடையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள இருவரும் ஆசைப்பட்டோம். என்ன சம்பளம் கொடுக்கலாம் என்று பேசி முடித்தோம். மாடி அறையைக்கூட அவளுக்காக ஒழித்துப்போட்டேன். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியரிடமிருந்து தொலைபேசி வந்தது. வெளியூரில் ஒரு பெரிய வீட்டு அலங்காரக் கம்பெனி இந்தத் திட்டத்திலிருந்து ஒருவரை வேலைக்கு எடுக்கிறதாம். கடைசிப் பட்டியலில் மிஞ்சிய இரண்டு பேரில் ஒருத்தி டேப்பு, இன்னொருவன் வேறு தெருக் கடையில் பழகுபவன். கடைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். தொலைபேசியை வைத்ததும் இவரிடம் ஓடினேன்.

இவர் அசரவே இல்லை. வழக்கம்போலப் புகழ்ந்துவிடுகிறேன், பேராசிரியர் எப்படியும் நம்பப்போவதில்லை என்றார். இன்று நினைத்தால், இவர் வாழ்நாளில் சொன்ன புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். நான் கேட்டால்தானே? ஒருவேளை இந்தத் தடவை நம்பிவிட்டால் என்ன செய்வது, கட்டாயம் குறைதான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். முதலில் பேராசிரியரைச் சமாளிப்போம், பிறகு அவளிடம் பேசிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. பெரிய கம்பெனி கூப்பிடும்போது எங்கள் கடையை அவள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள் என்ற பயம்.

சோம்பேறி என்று சொல்லுங்கள் என்றேன். வாய் கூசுகிறது என்றார். பொய்யே வேண்டாம், அவள் செய்ததையே கொஞ்சம் கடுகடுப்பாகச் சொல்லுங்கள் என்று இறங்கி வந்தேன். துணி உருளைகளுக்கு நடுவே நின்று அவர் கடுகடுத்துப் பழகியதைப் பார்த்துத் தையல்காரர்கள் பல்வலி என்று நினைத்துவிட்டார்கள்.

பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணுகிட்ட குறை இருக்கு சார். வாடிக்கையாளர் கேட்டதக் குடுக்க மாட்டேங்கிறா. தச்சு முடிச்ச ஸ்கிரீன, ஒரு விரக்கடை குறையுதுன்னு பிரிக்க வச்சுட்டா. அன்னிக்கு டெலிவரி தவறிப்போச்சு. மொதலாளி நானே சரின்னு சொன்னாலும், சரியில்லன்னா சரியில்லன்னுதான் சொல்றா." 

பேராசிரியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். மளமளவென்று எழுதினார். காரியம் முடிந்தது என்ற குஷியில் நான் அவருக்கு இன்னொரு தேநீர் ஊற்றினேன். புறப்படும்போது அவர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் நீங்கள் சொல்லி நான் நம்புவது இதுதான் முதல் தடவை என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சில நாட்கள் கழித்து டேப்பு தன் பையை எடுத்துப்போக வந்தாள். கம்பெனி அவளைத்தான் எடுத்திருந்தது. நேர்முகத் தேர்வில் இவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக வாசித்து, இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றார்களாம். அவள் முகத்தில் மட்டும் சந்தோஷம் துளியும் இல்லை.

"அவங்க பாராட்டினாங்க சார். எனக்கு அது மண்டையில ஏறல. நீங்க யாரயும் குறை சொல்லி யாரும் கேட்டதே இல்லயாம், தையக்கார அண்ணன் சொல்லுவார். அப்படிப்பட்டவரே இவ்வளவு சொல்லியிருக்கார்னா, நான் உங்கள எவ்வளவு படுத்தியிருக்கணும்?"

இவருக்கு முகம் செத்துவிட்டது. "அப்படியெல்லாம் இல்லம்மா. நீ எங்கயும் போயிடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். உன்ன இங்கயே வச்சுக்கணும்னு எனக்கு ஆச. தப்பு என்னோடதுதான்."

யோசனை என்னுடையது என்று அவர் சொல்லவில்லை. பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன், அப்போதுகூட என்னைப் பற்றி ஒரு குறை அவர் வாயில் வரவில்லை. மாடி அறையில் ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறேன் என்று அவளிடம் உளறினேன்.

அவள் பையைத் தோளில் மாட்டியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கம்மாவத் தனியா விட்டுட்டு வெளியூர் எப்படிப் போறதுன்னு தவிச்சிட்டு இருந்தேன்க்கா. இங்கயே இருக்கியான்னு நீங்களோ சாரோ ஒரு வார்த்த கேப்பீங்கன்னு தெனமும் பாத்தேன். நேத்து சாயங்காலம்தான் கம்பெனி வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். நேத்து காலையில கேட்டிருந்தாகூட இருந்திருப்பேன்."