படகின் அடிப்பக்கம்

“என்ன பிள்ள, ஒனக்குக் கிறுக்கா? மேல உக்காந்து போற பொருளுக்கு அடியில என்ன இருந்தா என்ன?” என்று கான்ட்ராக்டர் அண்ணாச்சி ஒருமுறை என்னிடம் கேட்டார். தூத்துக்குடியிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து ரோடு போட்டு, சுவர் கட்டி, ஷாதிபூரில் சொந்தவீடும் கட்டியவர். அவரைக் குறை சொல்ல முடியாது. படகைப் பக்கவாட்டில் பார்த்தே எல்லோருக்கும் பழக்கம். நான் முதலில் பார்த்ததே அடிப்பக்கத்தை. கோளாறு அங்கே தொடங்கியது.

இதை எழுதும்போதும் கை அரிக்கிறது. ஃபைபர் படகை அறுக்கும்போது பறக்கும் தூள் அப்படிப்பட்டது. கண்ணுக்குத் தெரியாது, சோப்புக்கும் போகாது. இந்த அரிப்பு வந்தால் ஹேடோ வார்ஃப்பின் கம்பிவேலி ஞாபகத்துக்கு வந்துவிடும். துருவேறிய அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளங்கை இப்படித்தான் அரிக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸ். அந்தப் பக்கம் அப்பா, கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டு. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அதற்கு முன்னால் இலங்கையில் தேயிலைத் தோட்டம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதைக் கொஞ்சம் அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது, மேயின்லாண்டிலிருந்து வந்த கப்பலின் மேல்தளத்திலிருந்து ஒரு சிவப்புப் படகை இறக்கினார்கள். அண்ணாச்சி மும்பைப் பக்கம் யாரிடமோ வாங்கிய பழைய பந்தயப் படகு. டூரிஸ்ட்டுகளை ஏற்றிக் கடலில் பறக்கப் போகிறாராம். அப்பா, வழக்கமாக டுங்கிக்குப் போடும் இடத்திலேயே கிரேன் தூக்கும் பெல்ட்டைப் போட்டார். டுங்கி எங்கள் தீவுகளின் மீன்பிடிப் படகு. அதற்குத் தட்டையான வயிறு, பெல்ட் நகராது. இதுவோ பாதி உயரத்தில் போகும்போதே முன்பெல்ட்டை வழுக்கவிட்டு, மூக்கு கீழே சாய, வால் மேலே தூக்க, அந்தரத்தில் நின்றது. அப்பா கைவிரல்களை முஷ்டியாக மடக்கி உயர்த்தினார். நிறுத்து என்று அர்த்தம்.

“அரே தேக்கோ, மச்சலி உல்டா லட்கா ஹை!” என்று யாரோ கத்த, வார்ஃப்பே சிரித்தது. ஆமாம், தலைகீழாகத் தொங்கும் மீன்தான். வேறு பெல்ட் வரும்வரை அது அப்படியே தொங்கியது. நான் வேலியில் முகத்தைப் பதித்து அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி முனைபோல நடுவில் இறங்கிய கோடு, பின்கோடி வரைக்கும் மழுங்காமல் ஓடியது. இரண்டு பக்கமும் நீளவாக்கில் விலா எலும்புகள் மாதிரி வரிகள். நடுவில் குறுக்கே படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. ஓடுகிற பொருளுக்குப் படிக்கட்டு எதற்கு? வாலில் இரண்டு இரும்புக் கால்கள், நுனியில் புரொப்பல்லர்.

“வழுக்கு மீனாட்டம் நழுவுது புள்ள. எங்க புடிக்கிறதுன்னே தெரியல” என்றார் அப்பா, அன்று சாப்பிடும்போது.

“அது கீழ விழுந்திருந்தா நம்ம எலும்பு தெரிஞ்சிருக்கும்” என்றாள் அம்மா.

படிக்கட்டுக்குப் பதில் கிடைக்க வருடங்கள் ஆயின. தீவுக்கு இன்டர்நெட்டின் கடலடி கேபிள் வராத காலம். ஒரு வீடியோவைத் தட்டிவிட்டுத் துணி துவைத்துக் காயப்போட்டு வந்தாலும் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிச் சொட்டுச் சொட்டாகத்தான் பந்தயப் படகின் சரித்திரம் எனக்குள் இறங்கியது. ஆரம்பத்தில் பந்தயப் படகுகளும் பின்பக்கம் தட்டையாகவே இருந்தன. அமைதியான நீரில் பறக்கும். நடுக்கடல் அலையில் அறையும். ஓட்டுகிறவர்களின் கணுக்காலும் முதுகும் போகும். பிறகு அமெரிக்கக் கரையிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குப் பெருங்கடலில் நடந்த பந்தயத்தில், அடியின் கூர்மையைப் பின்கோடி வரை விட்டுவைத்த ஒரு படகு அலையை அறையாமல் கிழித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எல்லோரும் அதன் வயிற்றைத்தான் பார்த்தார்கள். என்னைப்போல.

வரிகள் தண்ணீரைக் கீழே தள்ளிப் படகை உயர்த்துகின்றன. படிக்கட்டு காற்றை உள்ளே இழுத்து, வயிற்றில் நீர் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இன்னும் வேகம் கேட்டவர்கள் புரொப்பல்லரைப் பாதி நீரிலும் பாதி காற்றிலும் சுற்றவிட்டார்கள்; நீருக்குள் இழுபடும் இரும்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம்.

இந்த ஞானத்தோடு மீன்பெட்டித் தெர்மோகோலில் ஒரு படகு செதுக்கி, பள்ளிக் கண்காட்சியில் தொட்டித் தண்ணீரில் விட்டேன். வைத்ததும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. கூரான வயிறு நின்றால் ஆடும், ஓடினால்தான் நிமிரும். எனக்கும் அந்தப் புத்தி உண்டு என்று அம்மா சொல்வாள். பள்ளி விடுமுறையில் கூட ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லையாம்.

சிவப்புப் படகு ஒரே ஒரு சீசன் ஓடியது. இன்ஜின் உள்ளே, கால் வெளியே. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் உறை. படகு நிறுத்தியிருக்கும்போதும் அந்த உறை உப்புநீரிலேயே ஊறும். ஒருநாள் அது கிழிந்து, காலையில் பார்த்தால் படகின் வால் கடலுக்கடியில். உறை இங்கே கிடைக்கவில்லை. மேயின்லாண்டு மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்றே காலத்தை ஓட்டினார். கடைசியில் அண்ணாச்சி இன்ஜின்களையும் கால்களையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வெறும் கூட்டைத் தன் வீட்டுக்குப் பின்னால் தென்னங்கட்டைகள்மேல் ஏற்றிவைத்தார். கோழிகள் குடியேறின.

நான் பாலிடெக்னிக் முடித்தேன். ஜங்கிலிகாட்டில் வங்காளிக்காரரான மண்டல் தாதாவின் ஃபைபர் ஷெட்டில் டுங்கிகளுக்கு ஒட்டுப்போடும் வேலை. மழைக்காலத்தில் ‘ஷிப் கேன்சல்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவள் நான். நீல் தீவில் அக்காவுக்குப் பிரசவம் என்று அம்மா கப்பல் ஏறும் ஜெட்டியில் மூட்டையோடு காத்திருந்து, காத்திருந்து, குழந்தை பிறந்த சேதியை ஜெட்டியிலேயே கேட்டாள். அன்றிலிருந்து அந்தக் கோழிக்கூட்டைக் கடக்கும்போதெல்லாம் என் கால் நிற்கும். மழைக்கால அலையைக் கிழிக்கக்கூடிய வயிறு அது ஒன்றுதானே.

இந்த வருடம் அண்ணாச்சி அந்த இடத்தில் லாட்ஜ் கட்டக் கிளம்பினார். படகை அறுத்துப் போட ஆள் சொல்லியாயிற்று.

“எனக்குக் குடுங்க அண்ணாச்சி.”

“வச்சி என்னளா செய்வ? கோழி வளப்பியா?”

“கடல்ல விடுவேன்.”

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தார். “மழைக்கு முந்தி மிதந்தா ஒனக்கு. மிதக்கலைன்னா ஒங்க ஷெட்டுலயே வந்து அறுப்பேன், பாத்துக்கோ.”

லாரியில் வந்து இறங்கிய படகின் பின்பலகையைத் தாதா சுத்தியலால் தட்டினார். ஃபைபருக்குள் ஒளிந்திருக்கும் மரப்பலகை அது. எந்த இன்ஜினும் அதில்தான் தொங்க வேண்டும். சத்தம் ஈரச்சுவரைத் தட்டியது போலிருந்தது.

“சடா ஹுவா. அந்தர் சப் கத்தம்” என்றார். உள்ளே எல்லாம் அழுகிவிட்டது. “தூ டுங்கி பனா, பேட்டி. இஸ்கோ சோட் தே.” நீ டுங்கி செய் மகளே, இதை விட்டுவிடு.

விடவில்லை. என் கணக்கு எளிமையானது. உள்ளே இன்ஜின் வேண்டாம், ரப்பர் உறை வேண்டாம். வெளியே மாட்டும் இரண்டு அவுட்போர்டு இன்ஜின். ஓடாத நேரம் நீருக்கு மேலே தூக்கிவிடலாம், ரிப்பேர் என்றால் கழற்றித் தோளில் கொண்டுபோகலாம். எடை பின்னால் போய் மூக்கு தூக்கும் என்பதால் டீசல் டேங்க் இருந்த குழியை விட்டுவிட்டு, பெட்ரோல் டேங்க்கை முன்னுக்கு நகர்த்த வேண்டும். எல்லாம் சரி. பின்பலகையோடு சேர்ந்து அடிப்பக்கமும் ஊறியிருந்தால் மட்டும் எதுவும் சரியில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அறுப்பது. அறுத்தால் அதை மறுபடி யாருக்கும் படகு என்று காட்ட முடியாது.

அறுத்தேன். தோலை உரித்ததும் பலகை கறுத்த சேறாகக் கையோடு வந்தது. சுரண்டினேன். இன்னும் சுரண்டினேன். பலகை படகின் அடியைத் தொட்ட இடத்தில் உளி ‘ணங்’ என்று நின்றது. அடிப்பக்கம் காய்ந்திருந்தது, கல் மாதிரி. தாதா எட்டிப் பார்த்துப் பீடி பற்றவைத்தார். பிறகு, தன்னிடம் இரண்டு பழைய அவுட்போர்டு சும்மா கிடப்பதாகக் காற்றிடம் சொன்னார்.

ஹேடோவில் அந்த வேலி இப்போது இல்லை, சுவர் எழுப்பிவிட்டார்கள். சுற்றிக்கொண்டிருந்த வட்டமும் இல்லை. வீடியோ கேட்ட நிமிடமே வருகிறது, அதனாலோ என்னவோ எதுவும் மனதில் நிற்பதில்லை. அந்த இரட்டை இரும்புக் கால்கள் எந்த உலையில் உருகினவோ. அப்படியொரு வாலை இந்தத் தீவுகளில் இனி யாரும் பார்க்கப் போவதில்லை. சிவப்பும் வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது.

புதுப் பலகையை ஒட்டி மேலே ஃபைபர் போட்டாயிற்று. நேற்று தொட்டுப் பார்த்தேன், விரலில் பிசுக்கு இல்லை. இரண்டு நாள் காய விடு என்று தாதா சொல்லியிருந்தார், ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. டிரில்லை எடுத்து அவுட்போர்டைப் பூட்டும் முதல் போல்ட்டுக்கான துளையைப் போட்டுவிட்டேன்.